வாக்கிங் மட்டும் போதுமா?

"அப்பாவுக்கு என்ன, தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங் போறாரே!" என்று நிம்மதியாக இருக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த அப்பா பூங்காவில் விழுவது குறைவு. குளியலறையில் ஈரக்காலோடு திரும்பும்போதோ, இருட்டில் சுவிட்சைத் தடவும்போதோ, ஒற்றைக்காலில் நின்று பேன்ட் மாட்டும்போதோதான் தடுமாறுகிறார். சமதரையில் நேராக நடப்பது இதயத்துக்கு நல்லது. தடுமாறும் உடலைச் சட்டென்று நிலைநிறுத்துவது வேறு திறமை. அதைத் தனியாகப் பழக வேண்டும்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

நம்மை நிற்க வைப்பது எது?

கண், உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள நரம்புகள் ஆகிய மூன்றும் அனுப்பும் தகவலை வைத்துத்தான் மூளை உடலை நிமிர்த்திப் பிடிக்கிறது. நீண்டகால சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் இரவில் விளக்கைப் போடாமல் எழுந்தால், மூன்றில் இரண்டு கைவிட்டுவிடும். அதோடு தொடைத் தசையும் தளர்ந்திருந்தால், சறுக்கும் நேரத்தில் அடுத்த காலை வேகமாக எடுத்து வைக்க முடியாது.

நியூசிலாந்துப் பாட்டிகள்

ஒடாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் 80 வயதைக் கடந்த பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து, கால் தசைக்கும் சமநிலைக்கும் ஆளுக்கேற்ற பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். இந்த முறையில் நடந்த நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விழுவது ஏறக்குறைய 35 சதவீதம் குறைந்திருந்தது. 2019இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சமநிலைப் பயிற்சிக்குச் சாதகமாகவே பேசியது. நடைப்பயிற்சி மட்டும் விழுவதைத் தடுக்கும் என்பதற்கு அதில் போதிய சான்று கிடைக்கவில்லை.

சமையல் மேடையே ஜிம்

மேடையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தரையிலிருந்து சற்றே தூக்கி 10 விநாடி நில்லுங்கள். பிறகு மறுகால். சில நாளில் ஒரு கை, அப்புறம் ஒரு விரல், கடைசியில் பிடிக்காமல். எந்தக் கட்டத்தில் உடல் ஆடத் தொடங்குகிறதோ, அங்கேதான் பயிற்சி நடக்கிறது. ஆடாமல் நிற்க முடிகிற நிலையிலேயே மாதக்கணக்கில் நின்றால் பலன் குறைவு. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் பிடிமானம் எப்போதும் இருக்கட்டும்.

அதே மேடையை ஒட்டி அடிப்பிரதட்சிணம் போல, குதிகால் மறுகால் விரலைத் தொடும்படி நடக்கலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது தொடைக்கு நல்லது. வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். கனமானதைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும்; விட்டால் பலனும் போய்விடும்.

"பேசாம உட்காருங்க!"

ஒருமுறை விழுந்தவரை வீட்டார் அசையவே விடுவதில்லை. பாசம்தான், ஆனால் தசை இன்னும் தளர்ந்து அடுத்த விழுகைக்கு அதுவே வழி செய்கிறது.

முதலில் டாக்டரிடம்

கடந்த ஓராண்டில் இரண்டு முறை விழுந்தவர்களும், எழுந்தவுடன் கண் இருட்டுபவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. போகும்போது எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள். தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தடுமாற்றம் தரும். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். உட்காரும்போதும் எழுந்து நின்ற பிறகும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.