வால்வை மாற்றுமுன் சாக்கெட்டைப் பாருங்கள்

பழைய வால்வு ரேடியோ ஊமையாகிவிட்டால் வீட்டில் முதலில் எழும் பேச்சு, “வால்வு போயிருக்கும்” என்பதுதான். இணையத்தில் தேடி, காசைக் கொட்டி வால்வு வரவழைத்துச் செருகினால் ஒரு மணி நேரம் பாடும். பிறகு பழையபடி கரகரப்பு, அப்புறம் மௌனம். பல நேரம் கோளாறு வால்வில் இருப்பதில்லை. வால்வு உட்கார்ந்திருக்கும் சாக்கெட்டில் இருக்கிறது. சில வெள்ளிக்குக் கிடைக்கும் சின்னப் பொருள் அது.

தாத்தா பாட்டி காலத்து பிலிப்ஸ், மர்ஃபி, குருண்டிக் பெட்டிகள் இன்னும் சில வீவக வீடுகளின் அலமாரி மேல் இருக்கின்றன. வீடு மாறும்போதுதான் அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. சிலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வைக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் அது ரேடியோ அல்ல, ரேடியோவின் சட்டை. சாக்கெட்டை மாற்றத் தெரிந்தால் இந்த இரண்டுக்கும் அவசியம் இல்லாமல் போகலாம்.

வால்வு எரிந்து தேயும் பொருள் என்பது அன்றைய பொறியாளர்களுக்குத் தெரியும். அதனால்தான் அதைப் பற்றவைக்காமல், மின்விளக்கைப் போலக் கழற்றி மாட்டும்படி வைத்தார்கள். மாட்டும் இடம் அப்படியே நிலைத்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. எழுபது ஆண்டுக்குப் பிறகும் ஒருவர் அந்தப் பெட்டியைத் திறப்பார் என்று யார் நினைத்திருப்பார்கள்?

கோவை ஜி.டி.நாயுடு 1941ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ஐந்து வால்வு என்பது அக்காலக் குடும்பப் பெட்டியின் இலக்கணம். ஐந்து வால்வுக்கு ஐந்து சாக்கெட். ஒவ்வொன்றிலும் ஏழு முதல் ஒன்பது துளைகள். ஆக மொத்தம் ஏறக்குறைய நாற்பது உலோகப் பிடிகள். அவற்றில் ஒன்று தளர்ந்தாலும் பாட்டு நின்றுவிடும்.

நம் ஊர் இந்தப் பிடிகளுக்குப் பகை. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பித்தளைப் பிடியில் பச்சை படர்கிறது. அழுத்திய காகிதத்தில் பிசின் ஏற்றிச் செய்த மலிவான சாக்கெட்டுகள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. மேலே வால்வின் சூடு, கீழே படிந்த தூசு. அதோடு, பழுதுபார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் வால்வை ஆட்டி ஆட்டிப் பிடுங்கியதில் பிடியின் இறுக்கமும் போய்விடுகிறது.

தளர்ந்த பிடியால் சத்தம்தான் போகும். ஈரம் ஏறிய சாக்கெட் அதைவிட மோசம். 6வி6 என்ற புகழ்பெற்ற வால்வை எடுத்துக்கொள்வோம். அதன் நான்காம் காலில் 250 வோல்ட் வரை இருக்கும். பக்கத்திலேயே உள்ள ஐந்தாம் கால் கட்டுப்பாட்டு கிரிட். அது கேத்தோடைவிட 12 வோல்ட் போலக் குறைந்து நின்றால்தான் வால்வு கட்டுக்குள் இருக்கும். இரண்டு பிடிகளுக்கும் இடையே 2 கோடி ஓம் அளவுக்கு ஒரு கசிவு வந்தால் போதும், கிரிட் ரெசிஸ்டர் 4,70,000 ஓம் உள்ள பெட்டியில் ஏறக்குறைய 6 வோல்ட் கிரிட்டில் ஏறிவிடும். கட்டுப்பாட்டில் பாதி போயிற்று. வால்வு அளவுக்கு மேல் மின்னோட்டம் இழுக்கும், ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் சுடும், ஒருநாள் கருகும். வால்வு இன்றும் கிடைக்கும். அந்தப் பெட்டிக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் கிடைப்பது அரிது.

கையை உள்ளே விடுமுன் ஒரு கண்டிப்பான பேச்சு. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். 10,000 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட பிடியோடு சேர்த்து அதை வடித்துவிட்டு, மல்டிமீட்டரால் சரிபார்த்த பிறகே தொட வேண்டும். யுஎல்41, யுசிஎச்42 என்று ‘யு’வில் தொடங்கும் வால்வுகள் உள்ள பெட்டிகளில் பெரும்பாலும் மின்மாற்றி இருக்காது. இரும்புச் சட்டமான சாஸியிலேயே 230 வோல்ட் நிற்கக்கூடும். அத்தகைய பெட்டியை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள். பல்லாண்டு தூங்கிய எந்தப் பெட்டியையும் நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கவும் கூடாது. பழைய கெப்பாசிட்டர் வெடிக்கலாம்.

சாக்கெட்தான் குற்றவாளி என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டி பாடிக்கொண்டிருக்கும்போது காய்ந்த மரச் சாப்ஸ்டிக்கால் ஒவ்வொரு வால்வையும் பக்கவாட்டில் மெல்ல அசைக்க வேண்டும். ஒரே ஒரு வால்வை அசைக்கும்போது மட்டும் கரகரத்தால் சந்தேகம் அந்த இருக்கை மேல். நல்ல வால்வின் இழை ஒளிராமல், அழுத்தினால் ஒளிர்ந்தாலும் அதே கதைதான். ஈரக் கசிவைச் சாதாரண ஓம் அளவையில் பிடிக்க முடியாது. மீட்டரின் சிறு பேட்டரிக்கு அது வெளிப்படாது. மின்மாற்றி உள்ள பெட்டியில், 6வி6ஐக் கழற்றி, கிரிட்டுக்கு வரும் இணைப்புக் கெப்பாசிட்டரின் ஒரு முனையையும் விடுவித்த பிறகு, மின்சாரம் கொடுத்துக் கிரிட் பிடியை அளக்க வேண்டும். அப்போதும் அங்கே வோல்ட் தெரிந்தால் சாக்கெட் கசிகிறது. இந்தச் சோதனை பழக்கப்பட்ட கைகளுக்கு மட்டும்.

எடுத்த எடுப்பில் சாக்கெட்டைப் பிடுங்க வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பல்லிடுக்குத் தூரிகையால் ஒவ்வொரு துளையையும் துடைத்து, தளர்ந்த பிடியை மெல்லிய ஊசியால் நெருக்கினாலே பாதிப் பெட்டிகள் பிழைத்துவிடும் என்பது என் கணிப்பு. பிடி ஒடிந்திருந்தாலோ, இரண்டு பிடிகளுக்கு நடுவே கருகிய கோடு ஓடியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். கருகிய கோடு கரி. சுரண்டினாலும் மின்சாரம் அந்த வழியை மறக்காது.

மாற்றும் வேலையில் பொறுமைதான் பெரிய கருவி. முதலில் கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். அதோடு நிறுத்தாமல் தாளில் வரைந்து, எந்தக் காலில் எந்தக் கம்பி என்று எழுதுங்கள். ஒரு கம்பிக்குப் பின்னால் இன்னொன்று மறைந்திருப்பதைப் படம் காட்டாது. கால்களைச் சாஸியின் அடியிலிருந்து பார்த்து, இடைவெளியிலிருந்தோ நடுப் பள்ளத்திலிருந்தோ கடிகார முள் திசையில் எண்ண வேண்டும். மேலிருந்து எண்ணினால் எல்லாம் தலைகீழ்.

வால்வுக்கு வேலையில்லாத காலிலும் கம்பி இருக்கக்கூடும். அந்தக் காலத் தொழிற்சாலைகள் அந்த வெற்றுக் காலை வேறு இரண்டு பாகங்கள் சந்திக்கும் திண்ணையாகப் பயன்படுத்திக்கொண்டன. “இதற்கு வேலை இல்லையே” என்று அதை விட்டுவிட்டால் பெட்டி பேசாது.

பழைய சாக்கெட்டை சாஸியோடு பிடித்திருக்கும் ரிவெட்டை 3 மி.மீ. துளைப்பானால் மெல்லத் துளைத்து எடுக்கலாம். இரும்புத்தூள் உள்ளே சிந்தாமல் அடியில் துணி வையுங்கள். ஒன்பது கால் சாக்கெட்டில் திருகுத் துளைகளின் இடைவெளி வழக்கமாக 28.6 மி.மீ. வாங்குமுன் அளந்து பாருங்கள். ஈரத்தை உறிஞ்சாத பீங்கான் சாக்கெட்தான் நம் ஊருக்கு ஏற்றது. ரிவெட் இருந்த இடத்தில் திருகும் நட்டும் போதும். ஈயம் வைக்கும்போது செத்துப்போன வால்வு ஒன்றைப் புதிய சாக்கெட்டில் செருகி வையுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் பிடிகள் கோணிக்கொண்டு இறுகி, பின்னால் நல்ல வால்வைச் செருகும்போது அதன் கண்ணாடி அடி விரிசல் விடும்.

சாக்கெட்டுக்கு எங்கே போவது? வானொலிப் பாகங்களுக்கு இந்த ஊரில் கனத்த வரலாறு உண்டு. கால்டிகாட் குன்றிலிருந்து 1937 மார்ச் 1ல் ஒலிபரப்பு தொடங்கி ஐந்தே ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சி வந்தது. சிற்றலை கேட்பது குற்றமானது. சாங்கி சிறையில் இருந்தவர்களுக்கு வானொலிப் பாகங்கள் கிடைக்க உதவினார் என்று எலிசபெத் சோய் ஏறத்தாழ 200 நாள் காவலில் வைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானார். பிற்காலத்தில் அதே மாதிரிப் பாகங்கள் லிட்டில் இந்தியாவுக்கு அருகே சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்த துணியில் கிடந்தன. அந்தச் சந்தை 2017 ஜூலை 10ல் மூடப்பட்டது. ஈயம், கம்பி, கெப்பாசிட்டர், மீட்டர் வாங்க ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவர் இன்னும் இருக்கிறது. கிட்டார் பெருக்கிகள் இன்றும் வால்வில் ஓடுவதால் எட்டுக் கால், ஒன்பது கால் சாக்கெட்டுகள் புதிதாகவே தயாராகின்றன, இணையத்தில் வரவழைக்கலாம். யுஎல்41 வகைக்கான ரிம்லாக் சாக்கெட்டுக்குத்தான் திண்டாட்டம். உடைந்த சாஸியிலிருந்துதான் கழற்ற வேண்டும். எனவே எந்தப் பழைய சாஸியையும் எறிந்துவிடாதீர்கள்.

சரி, பழுது நீங்கிய பெட்டியில் எதைக் கேட்பது? உள்ளூர் நிலையங்கள் மத்திய அலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. சிற்றலையில் இரவு நேரத்தில் தொலைதூர நிலையங்கள் இன்னும் மிதந்து வரும். 1950களின் ஜெர்மன் பெட்டி உங்களிடம் இருந்தால் யோகம்தான். அதன் பண்பலை முள் வழக்கமாக 100 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், ஒலி 96.8 அதற்குள் அடக்கம். இன்றைய தமிழ் அறிவிப்பாளரின் குரல் பழைய ஸ்பீக்கரில் கனிந்து வரும். பண்பலை இல்லாத பெட்டியின் பின்புறம் இசைத்தட்டுக் கருவிக்கான துளைகள் இருக்கலாம். மின்மாற்றி உள்ள பெட்டியானால் கைப்பேசியிலிருந்து பாட்டை அதன் வழியே அனுப்பலாம்.

கழற்றிய பழைய சாக்கெட்டை ஒரு காகித உறையில் போட்டு, எந்த வால்வுக்குரியது, எந்தத் தேதியில் மாற்றியது என்று எழுதி, பெட்டியின் உட்சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்து திறப்பவருக்கு உதவும்.