விருப்பம் வந்து சேரும் வழி

அன்று, 1980களின் அமெரிக்கா. இதயம் நின்றுபோன முதியவரை ஆம்புலன்ஸ் கொண்டுவந்தால், அவசர சிகிச்சைப் பிரிவில் நடப்பது ஒன்றுதான். மார்பை அழுத்துவார்கள், தொண்டைக்குள் குழாய் செருகி வென்டிலேட்டரில் இணைப்பார்கள். "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்று அவர் எழுதியே வைத்திருக்கலாம். ஆனால் அந்தத் தாள் வீட்டு அலமாரியிலோ வக்கீலிடமோ இருக்கும். கையில் கிடைத்தாலும் அது மருத்துவரின் உத்தரவு ஆகாது. விருப்பம் தெரியாதபோது, முடிந்த எல்லாவற்றையும் செய்வதே முறை.

இந்தக் குறையைத் தீர்க்க ஓரிகன் மாநிலத்தில் 1991இல் முயற்சி தொடங்கியது. அதில் உருவானதுதான் 'போல்ஸ்ட்' என்ற இளஞ்சிவப்புப் படிவம். கடும் நோயாளிகளும் தள்ளாத வயதினரும் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று மருத்துவரோடு பேசித் தீர்மானிப்பார்கள். மருத்துவர் கையெழுத்திட்டதும் அது உத்தரவாகிவிடும்.

ஓரிகன் சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் அவசர மருத்துவப் பேராசிரியர் டெர்ரி ஷ்மிட், இது களத்தில் பயன்படுகிறதா என்று ஆம்புலன்ஸ் ஊழியர்களிடமே கேட்டார். படிவம் கையில் இருந்தபோது 45 சதவீத நோயாளிகளுக்குச் சிகிச்சை மாறியதாக அவர்கள் சொன்னார்கள். 2004இல் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் நெருக்கடியில் படிவத்தை எங்கே தேடுவது? அதற்காக 2009இல் இந்தப் படிவங்களுக்கென மாநிலப் பதிவகம் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் ஷ்மிட்டும் ஒருவர்.

இன்று ஓரிகனில் நள்ளிரவானாலும் ஆம்புலன்ஸ் ஊழியர் பதிவகத்தை அழைத்து, நோயாளியின் விருப்பத்தைத் தெரிந்துகொள்ளலாம். அந்த மாநிலத்தில் 2010, 2011 ஆண்டுகளில் நேர்ந்த சுமார் 58,000 மரணங்களை ஷ்மிட் உள்ளிட்ட குழு ஆராய்ந்தது. வலி தணிக்கும் பராமரிப்பு மட்டும் போதும் என்றவர்களில் 6.4 சதவீதத்தினரே மருத்துவமனையில் இறந்தார்கள். முழுச் சிகிச்சையும் கேட்டவர்களில் 44.2 சதவீதம், பதிவகத்தில் படிவமே இல்லாதவர்களில் 34.2 சதவீதம். இவற்றில் 44.2 என்ற எண்ணை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தப் படிவம் சிகிச்சையைக் குறைக்கும் தந்திரம் என்ற அச்சத்துக்கு அதுவே பதில். வேண்டும் என்றவரின் குரலுக்கும் அங்கே மதிப்பு இருக்கிறது.

அவசர மருத்துவரின் தொழிலும் விரிந்திருக்கிறது. நோய்த்தணிப்பு மருத்துவம் 2006இல் அமெரிக்காவில் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டபோது, அவசர மருத்துவர்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. இறுதிக்காலச் சிகிச்சை பற்றி நோயாளியோடு பேசும் நேரத்துக்கு 2016 முதல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு பணம் தருகிறது.

அது சரியான செலவு. மனம்விட்டுப் பேசாமல் நிரப்பிய படிவம் யாருடைய விருப்பத்தையும் சொல்லாது. நோயாளி தெளிவாகப் பேசக்கூடிய நாளிலேயே அந்தப் பேச்சு நடக்க வேண்டும்.