நமக்குள் ஒரு சதிகாரர்

நான்கு துண்டுச் சீட்டுகளை மடித்துக் குலுக்கிப் போட்டு ஆடும் 'ராஜா, மந்திரி, போலீஸ், திருடன்' விளையாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். போலீஸ் சீட்டு கிடைத்தவர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்க வேண்டும். திருடன் சீட்டை எடுத்தவரோ ஒன்றும் அறியாதவர் போல உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் சிரித்துவிட்டால் போதும், அகப்பட்டுக்கொள்வார்!

இதே கருத்தைக் கொண்ட ஒரு விளையாட்டு கைப்பேசியிலும் கணினியிலும் உலகெங்கும் பரவியது. அதன் பெயர் 'அமங் அஸ்'. அமெரிக்காவைச் சேர்ந்த இன்னர்ஸ்லாத் என்ற சிறிய நிறுவனம் 2018ஆம் ஆண்டில் அதை வெளியிட்டது. 2020ஆம் ஆண்டில் கோவிட் நோயினால் மக்கள் வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோதுதான் அது பெரும் புகழ் அடைந்தது.

விண்கலம் ஒன்றில் சிலர் வேலை செய்கிறார்கள். அவர்களுள் ஒருவரோ, இருவரோ, மூவரோ சதிகாரர்கள். அவர்கள் வேலை செய்வது போல நடித்துக்கொண்டே மற்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவார்கள். இடையிடையே எல்லாரும் கூடிப் பேசி, சந்தேகப்படும் ஒருவரை வாக்கெடுப்பின் மூலம் வெளியேற்றலாம். யாரையும் வெளியேற்றாமல் கூட்டத்தைக் கலைத்துவிடவும் வழி உண்டு.

இந்த வகை விளையாட்டுக்கு மூலம் 'மாஃபியா' என்ற விளையாட்டு. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவராக இருந்த டிமிட்ரி டேவிடாஃப் 1986ஆம் ஆண்டில் அதை உருவாக்கினார். சதிகாரர்களுக்குத் தம் கூட்டாளிகள் யார் என்பது தெரியும். ஆனால் எண்ணிக்கையில் குறைவு. மற்றவர்கள் எண்ணிக்கையில் மிகுதி. ஆனால் யார் எவர் என்று தெரியாது. சிலருக்கு மட்டும் தெரிந்த உண்மைக்கும், பலரின் எண்ணிக்கை பலத்துக்கும் நடக்கும் போட்டி இது எனலாம்.

ஒரு சிறு கணக்கு

விளையாட்டை எளிதாக்கிக்கொண்டு, காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வோம். கூட்டத்தில் ஒரே ஒரு சதிகாரர். பகலில் எல்லாரும் வாக்களித்து ஒருவரை வெளியேற்றுகிறார்கள். இரவில் சதிகாரர் நல்லவர் ஒருவரைத் தீர்த்துவிடுகிறார். சதிகாரர் வெளியேற்றப்பட்டால் நல்லவர்களுக்கு வெற்றி. ஒரு சதிகாரரும் ஒரு நல்லவரும் மட்டும் மிஞ்சிவிட்டால் சதிகாரருக்கு வெற்றி. எந்தத் துப்பும் இல்லை. குருட்டாம்போக்கில்தான் வாக்களிக்கிறார்கள் என்று கொள்வோம்.

முதலில் 5 பேர். முதல் பகலில் சதிகாரர் அகப்படும் வாய்ப்பு 1/5. தவறிப்போகும் வாய்ப்பு 4/5. தவறினால் பகலில் ஒரு நல்லவரும் இரவில் ஒரு நல்லவரும் போய் 3 பேர் மிஞ்சுவார்கள். அடுத்த பகலில் அகப்படும் வாய்ப்பு 1/3. ஆகவே மொத்த வாய்ப்பு 1/5 + (4/5 × 1/3) = 7/15. அதாவது 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 47 ஆட்டங்கள் நல்லவர்களுக்கு.

இப்போது இன்னொரு நல்லவரைச் சேர்த்து 6 பேர் ஆக்குவோம். நல்லவர் ஒருவர் கூடியதால் வெற்றி வாய்ப்பும் கூடும் என்றுதானே நினைப்பீர்கள்? கணக்கைப் பாருங்கள். முதல் பகலில் 1/6. தவறினால் இரவுக்குப் பின் 4 பேர், அப்போது 1/4. மொத்தம் 1/6 + (5/6 × 1/4) = 3/8. அதாவது 100க்கு 37 அல்லது 38தான்! ஆள் கூடியது, வாய்ப்பு குறைந்துவிட்டது!

இது எப்படி? 5 பேர் இருந்தாலும், 6 பேர் இருந்தாலும் கிடைப்பவை இரண்டே வாக்கெடுப்புகள். 5 பேர் இருக்கும்போது ஐந்தில் ஒருவரையும், பிறகு மூன்றில் ஒருவரையும் தேடுகிறோம். 6 பேர் இருக்கும்போது ஆறில் ஒருவரையும், பிறகு நான்கில் ஒருவரையும் தேடுகிறோம். தேட வேண்டிய கூட்டம் பெரிது. வாய்ப்புகளோ அதே இரண்டு.

அப்படியானால் 6 பேர் என்ன செய்வது? முதல் பகலில் யாரையும் வெளியேற்றாமல் கலைந்துவிட வேண்டும்! இரவில் ஒருவர் போவார், அது இழப்புதான். ஆனால் மறுநாள் 5 பேராகக் கூடும்போது வாய்ப்பு 3/8இலிருந்து 7/15ஆக உயர்ந்துவிடுகிறது.

"அப்படியென்றால் பொறுத்திருப்பதே எப்போதும் நல்லதா?" என்று கேட்பீர்கள். இல்லை. 5 பேர் இருக்கும்போது வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டால் 4 பேர் ஆவார்கள். அங்கும் தள்ளிப்போட்டு 3 பேரானால் வாய்ப்பு 1/3. 4 பேரிலேயே வாக்களித்துவிட்டால் 1/4. இரண்டும் 7/15ஐ விடக் குறைவு. ஆகவே துப்பே இல்லாதபோது ஒற்றைப்படை எண்ணில் துணிந்து வாக்களிக்க வேண்டும்; இரட்டைப்படை எண்ணில் பொறுத்திருக்க வேண்டும். துணிவும் பொறுமையும் மனப்போக்கு மட்டும் அல்ல, கணக்கும் கூட. உறுதியான சான்று கிடைத்துவிட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கூடிப் பேசினால் என்ன ஆகிறது?

கணக்கு 'பொறு' என்று சொல்லும்போது கூட்டம் பொறுக்கிறதா? இங்குதான் உளவியல் வருகிறது.

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜேம்ஸ் ஸ்டோனர் என்ற மாணவர் ஒரு சோதனை செய்தார். பாதுகாப்பான வழி ஒன்று, ஆபத்தானாலும் பெரும்பலன் தரும் வழி ஒன்று என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை முதலில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே கொடுத்தார். பிறகு அவர்களையே குழுவாக உட்காரவைத்துப் பேசி முடிவெடுக்கச் செய்தார். பலர் கூடினால் முடிவு நிதானமாக இருக்கும் என்றே அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். ஆனால் குழுவின் முடிவுகள் தனிமனிதர்களின் முடிவுகளைவிடத் துணிச்சலாக இருந்தன!

1969ஆம் ஆண்டில் மாஸ்கோவிச்சி, சவல்லோனி என்ற இருவர் பாரிஸ் நகரத்துப் பள்ளி மாணவர்களைக் கொண்டு இதை மேலும் ஆராய்ந்தனர். கூடிப் பேசுவது எப்போதும் துணிச்சலைத்தான் வளர்க்கும் என்பதில்லை; தொடக்கத்தில் எந்தப் பக்கம் சாய்வு இருந்ததோ, அந்தப் பக்கமே இன்னும் மிகுதியாகச் சாய்கிறார்கள் என்று தெரிந்தது. காரணம் என்ன? ஒரே பக்கத்து வாதங்களையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். மற்றவர்களைவிடப் பின்தங்கிவிடக் கூடாது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

சதிகாரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் பெரிய பொய் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒரு நல்லவர் மீது லேசாகச் சந்தேகம் எழும்போது "எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீதி வேலையைக் கூட்டமே செய்துவிடும்.

விளையாட்டிலிருந்து கணினிக்கு

2008ஆம் ஆண்டில் பிரேவர்மன், எட்டெசாமி, மோசல் ஆகிய மூன்று கணித அறிஞர்கள் மாஃபியா விளையாட்டை ஆராய்ந்தனர். துப்பறிபவர் யாரும் இல்லாவிட்டால், கூட்டத்தின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டிய அளவில் சதிகாரர்கள் இருந்தாலே இரு தரப்புக்கும் ஒப்பிடத்தக்க வெற்றி வாய்ப்பு உண்டு என்று காட்டினர். 10,000 பேர் கொண்ட கூட்டத்துக்கு வர்க்கமூலம் வெறும் 100 அல்லவா? துப்பறிபவர் இருந்தால் நிலைமை மாறுகிறது. அப்போது சதிகாரர்கள் கூட்டத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கே இருந்தாக வேண்டும். பலரை எதிர்த்துச் சிலர் வெல்வது இருட்டில்தான். வெளிச்சம் வந்தால் அது கடினம்.

கணினிகளுக்கும் இதே தொல்லை உண்டு. பல கணினிகள் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரும்போது, பழுதான ஒன்று ஒருவருக்கு ஒரு விடையும் இன்னொருவருக்கு வேறு விடையும் சொல்லலாம். 1982ஆம் ஆண்டில் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகியோர் இதைப் படைத்தலைவர்களின் கதையாக அமைத்து ஆராய்ந்தனர்.

மூன்று தலைவர்கள் இருப்பதாகக் கொள்வோம். முதல்வர் உங்களிடம் "தாக்கு" என்கிறார். மூன்றாமவரோ, "என்னிடம் பின்வாங்கு என்றாரே!" என்கிறார். பொய் சொல்பவர் முதல்வரா, மூன்றாமவரா? உங்களால் சொல்லவே முடியாது. நான்கு பேர் இருந்தால் கேட்டதை ஒருவருக்கொருவர் சொல்லிப் பெரும்பான்மையைப் பார்த்து ஒரு துரோகியைச் சமாளிக்கலாம். இரண்டு துரோகிகளைச் சமாளிக்க 7 பேர் வேண்டும். மூவருக்கு 10 பேர். பழுது வந்தாலும் வழிதவறக் கூடாத கணினி அமைப்புகளை வடிவமைக்க இந்தக் கருத்து பயன்படுகிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஆறு சீட்டுகளில் ஒன்றில் மட்டும் 'ச' என்று எழுதி, எல்லாவற்றையும் மடித்துக் குலுக்குங்கள். பகலுக்கு ஒரு சீட்டை எடுத்துப் பிரியுங்கள். அது 'ச' ஆனால் நல்லவர்களுக்கு வெற்றி. இல்லையென்றால் அதை ஒதுக்கிவிட்டு, இரவுக்கு எழுத்தில்லாத ஒரு சீட்டை நீக்குங்கள். இரண்டே சீட்டுகள் மிஞ்சினால் ஆட்டம் முடிந்தது. இப்படி 50 முறை ஆடிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் பகலைத் தள்ளிப்போட்டு 50 முறை ஆடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளையாட்டில் தவறாக வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தில் சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவார். வகுப்பறையில் அப்படி இல்லை. ஒரு பேனா காணாமற்போகிறது. யாரோ ஒரு பெயரைச் சொல்கிறார்கள். நாலு பேர் ஆமோதிக்கிறார்கள். அந்தப் பழி அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. கடைசியில் பேனா புத்தகப் பைக்கடியிலேயே கிடக்கும்!

ஆகவே கூடிப் பேசும் முன் ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தனியே காகிதத்தில் எழுதிவிடுங்கள். பிறகு "யார் சொன்னது?" என்று கேட்காமல் "கண்ணால் பார்த்தது என்ன?" என்று கேளுங்கள். சான்று இல்லையென்றால், இன்று யாரையும் வெளியேற்றாமல் கலைந்து செல்லலாம். அதுவும் ஒரு முடிவுதான்.