கடப்பிதழா, கல்விச் சான்றிதழா?

பட்டம் பெற்றதும் ஓராண்டு ஈராண்டு வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வரலாம் என்னும் எண்ணம் நம் மாணவரிடையே அவ்வப்போது தலைகாட்டுவதுண்டு. கொரியத் தொடர்களும் ஜப்பானியக் கார்ட்டூன்களும் அந்த ஆசைக்குத் தூபம் போடுகின்றன. ஆனால், அங்குள்ள அரசுப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியராக நுழைய என்ன தகுதி வேண்டும், என்ன சம்பளம் கிடைக்கும் என்று பார்க்கப் புகுந்தால், படிப்பை முந்திக்கொண்டு கடப்பிதழ் வந்து நிற்கிறது.

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கு 1995இல் தொடங்கிய ‘எபிக்’ திட்டம், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களையே பெரும்பாலும் எடுக்கிறது. இளங்கலைப் பட்டம் எந்தத் துறையிலும் இருக்கலாம். கல்வித் துறையில் படிக்காதவர், ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்பதற்கான ‘டெஃபல்’ பயிற்சியை 100 மணி நேரம் முடித்திருந்தால் போதும். ஆக, கடல் உயிரியல் படித்த கனடியர் போகலாம். ஆங்கில இலக்கியத்தில் முதல் வகுப்பில் தேறி, ஆசிரியர் பயிற்சியும் முடித்த மலேசியருக்கோ சிங்கப்பூரருக்கோ இடமில்லை!

தமிழரே போக முடியாது என்பதல்ல. டர்பன் நகரத் தமிழர் தென்னாப்பிரிக்கக் குடிமகன் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். 7ஆம் வகுப்பு முதல் ஆங்கில வழியில் படித்ததற்குப் பள்ளியின் சான்று மட்டும் கூடுதலாக வேண்டும். இந்தியருக்கும் ஒரு வழி உண்டு. 2010 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார உடன்படிக்கை, அவர்கள் துணை ஆசிரியராக விசா பெற இடமளித்தது. ஆனால், இந்தியருக்கு ஆசிரியர் சான்றிதழ் கட்டாயம். ஏழு நாட்டாருக்கோ அதே சான்றிதழ் சம்பளப் படியை உயர்த்தும் கூடுதல் தகுதிதான். ஒரே வகுப்பறை, ஒரே பாடம். சான்றிதழின் எடை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

சம்பளம் எப்படி? கொரியாவில் பட்டம், கற்பித்தல் உரிமம், முதுகலை, அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்துப் படிகள் உண்டு. கீழ்ப்படியில் மாதம் 2 மில்லியன் வொன்னுக்குச் சற்று மேல். இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவோர், வீட்டு வாடகையைப் பள்ளியே ஏற்பதையும், ஓராண்டை முடித்தால் ஒரு மாதச் சம்பளம் தனியே கிடைப்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாரத்திற்கு 22 பாடவேளை. அதற்கு மேல் எடுத்தால் மிகைநேரப் படி.

ஜப்பானின் ‘ஜெட்’ திட்டம் 1987இல் பிறந்தது. இதில் சிங்கப்பூரருக்கும் இடமுண்டு. பட்டம் இருந்தால் போதும். ஆசிரியர் பயிற்சி தேவையில்லை, ஜப்பானிய மொழியும் கட்டாயமில்லை. முன்பு முதலாண்டு ஊதியம் 3.36 மில்லியன் யென்னாக இருந்தது. 2025 ஏப்ரல் முதல் 4.02 மில்லியன். ஆண்டுக்காண்டு சற்று உயரும், 5 ஆண்டோடு முடியும். முனைவர் பட்டம் பெற்றவரும் நேற்று பட்டம் வாங்கியவரும் ஒரே சம்பளத்தில்தான் தொடங்குவர். பாடத்தை நடத்துபவர் ஜப்பானிய ஆசிரியர். வந்தவர் அவருக்குத் துணை மட்டுமே என்பதால் இப்படி. அதே துணைப் பணிக்குத் தனியார் நிறுவனங்கள் வழியாகப் போவோரும் பலர். அவர்களுக்குப் பெரும்பாலும் சம்பளம் குறைவு. சில நிறுவனங்கள் கோடை விடுமுறையில் முழுச் சம்பளம் தருவதில்லை. ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை இருமுறை படியுங்கள்.

என் பார்வையில் ஹாங்காங் வகுத்த முறையே நேர்மையானது. 1998இல் இடைநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அதன் திட்டம், தாய்மொழியாளரை மட்டுமன்றி, அவருக்கு நிகரான ஆங்கில ஆற்றல் உள்ளவரையும் தகுதியுடையவராக ஏற்றது. உள்ளூர் ஆசிரியருக்குரிய அதே சம்பள அட்டவணையில், படிப்புக்கும் அனுபவத்திற்கும் ஏற்ப ஊதியம். வெளியிலிருந்து வந்தவருக்குச் சிறப்புப் படி வேறு. அந்தப் படி உள்ளூர் ஆசிரியர்களுக்கு மனக்கசப்பைத் தந்தது என்பதும் உண்மையே.

ஆகவே, சிங்கப்பூர் நண்பர்களுக்கு எளிய வழி ‘ஜெட்’தான். விண்ணப்பங்கள் பொதுவாக ஆண்டின் கடைசி மாதங்களில் பெறப்படும். பயணம் மறு ஆண்டு ஜூலை, ஆகஸ்டு வாக்கில். இறுதியாண்டு ஆய்வேட்டோடு அந்த விண்ணப்பமும் வந்து மோதும் என்பதால், பரிந்துரைக் கடிதங்களை விரிவுரையாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.