இரும்பு மின்கலத்துக்குள் வந்த வழி

லித்தியம் அயனி மின்கலத்தின் விலையையும் பாதுகாப்பையும் பெரிதும் தீர்மானிப்பது அதன் கேத்தோடு, அதாவது மின்கலம் மின்சாரம் தரும்போது லித்தியம் அயனிகள் வந்து சேரும் நேர்மின்முனைப் பொருள். 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் குழுவினர் கண்டறிந்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு ஏறத்தாழ 4 வோல்ட் தந்தது. எனினும் கோபால்ட் அரிதானது, விலை மிக்கது. மலிவான இரும்பின் ஆக்சைடுகளோ 2.5 வோல்ட்டைக்கூட எட்டவில்லை.

இத்தடையை நீக்கிய சிந்தனையில், தமிழ்நாட்டின் அமராபுரம் என்னும் சிற்றூரில் பிறந்து, மதுரையில் வேதியியல் பயின்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரத்தின் பங்கு முதன்மையானது. 1980களின் பிற்பகுதியில் குட்இனஃபுடன் அவர் ஆராய்ந்த இரும்பு மாலிப்டேட், இரும்பு சல்பேட் ஆகிய இரண்டிலும் இருப்பது ஒரே இரும்பு, கட்டமைப்பும் ஒத்ததே. ஆயினும் முன்னது 3.0 வோல்ட்டும் பின்னது 3.6 வோல்ட்டும் தந்தன. கந்தகம் ஆக்சிஜனின் எலக்ட்ரான்களைத் தன்பால் வலுவாக இழுப்பதால், இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான சகப்பிணைப்பு தளர்ந்து, இரும்பின் எலக்ட்ரான் ஆற்றல் மட்டம் தாழ்கிறது. மட்டம் தாழத் தாழ மின்னழுத்தம் உயர்கிறது. தூண்டல் விளைவு எனப்படும் இவ்விளக்கம் எளிமையாலேயே வியப்பூட்டுவது. 2019இல் குட்இனஃபின் நோபல் உரையை ஸ்டாக்ஹோமில் மந்திரமே நிகழ்த்தினார்.

1997இல் டெக்சாஸில் குட்இனஃப் குழு அறிவித்த லித்தியம் இரும்பு பாஸ்பேட், இவ்வழியில் 3.4 வோல்ட் தந்ததோடு, பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பற்றியிருப்பதால் சூடேறினாலும் எளிதில் தீப்பற்றாததாகவும் இருந்தது. ஆனால் எலக்ட்ரான்கள் அதனுள் மிக மெதுவாகவே நகரும் என்பதால், இதன் வெற்றி தயாரிப்பு முறையைச் சார்ந்தது. இரும்பு ஆக்சலேட், லித்தியம் கார்பனேட், அம்மோனியம் பாஸ்பேட் ஆகியவற்றைச் சர்க்கரை போன்ற கரிமப் பொருளுடன் அரைத்து, காற்றுப் புகாமல் நைட்ரஜனிலோ ஆர்கானிலோ 600 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால், கரிமப் பொருள் கருகி ஒவ்வொரு துகளின் மீதும் மெல்லிய கரிப்பூச்சாகப் படிந்து மின்கடத்தலைக் கூட்டுகிறது, துகள்கள் பருக்காமலும் இரும்பு மேலும் ஆக்சிஜனேற்றம் அடையாமலும் காக்கிறது. காற்று புகுந்தால் அந்தச் சுற்றுத் தயாரிப்பே வீணாகும்.

இம்மின்கலங்களுக்கான இரும்புக்குத் தாது வேண்டுமே எனலாம். திருவண்ணாமலையை அடுத்த கவுத்திமலை, வேடியப்பன்மலையில் மேக்னடைட் இரும்புத்தாது உண்டு. அதை வெட்டும் திட்டத்தை அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். மின்கலத்தின் பெயரால் அம்மலைகளைக் கேட்க வேதியியலில் இடமில்லை: ஒரு யூனிட் மின்சாரத்தைத் தேக்கத் தேவையான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில், கோட்பாட்டுக் கணக்கின்படி, சுமார் 600 கிராம் இரும்பே அடங்கும்.