பருந்தின் வட்டமும் பழைய பறப்புக் குறிப்பும்

கல்முனைக்கு மேற்கே, கரைவாகு வயல்வெளியில் வெயில் ஏறியபின் பருந்துகள் சிறகடியாமல் வட்டமிட்டு உயர்வதைக் காணலாம். ஞாயிற்றின் வெம்மையால் நிலம் சூடேற, அதனை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழுகின்றது. இவ்வெழுகாற்றே பருந்தையும், இயந்திரமற்ற விமானமாகிய கிளைடரையும் தாங்குகின்றது. அது கிட்டாத கிளைடருக்கு எதிர்ப்பட்ட வெளியில் இறங்குவதன்றி வேறு வழியில்லை. கண்ணுக்குப் புலப்படாத இக்காற்றை முன்னறிவது எவ்வாறு?

ஆக்ராவில் பணியாற்றிய ஹான்கின் என்னும் ஆங்கில விஞ்ஞானி, பறவைகள் மிதக்கத் தொடங்கும் நேரங்களைக் குறித்துவந்து, 1913இல் நூலாக வெளியிட்டார். காலையில் இலேசான பருந்து முன்னும், கனத்த கழுகு பின்னும் எழுவதை அவர் கண்டார். இன்று அப்பணியைக் கிளைடரிலுள்ள பதிகருவி செய்கின்றது. இடம், உயரம், நேரம் ஆகியவற்றைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அது பதிகின்றது. விமானங்கள் வட்டமிட்டு உயர்ந்த இடங்களைப் பல்லாயிரம் பறப்புகளிலிருந்து திரட்டினால், எழுகாற்றின் படமொன்று உருவாகின்றது.

ஆயினும் அப்படத்தை அவ்வாறே நம்புதல் தகாது. பறந்த இடமே பதிவாகும். பறவாத இடத்தில் எழுகாற்று இல்லை என்பது அதனாற் பெறப்படாது. அன்றியும், கடற்காற்றின் முகப்பில் எழுகாற்று மிகும். அது கடந்தபின் அடங்கும். மேல்திசைக் கச்சான் வீசும் நாளிலோ, கடற்காற்று உட்புகுவது தடைப்படும். ஒரே வயலின்மேல் ஒருநாள் எழுந்த காற்று மறுநாள் எழாதிருத்தல் இதனாலுமாம். ஆதலின், எங்கு என்பதோடு எப்பொழுது, எக்காற்றில் என்பவற்றையும் சேர்த்துக் குறித்த பதிவே விமானிக்குத் துணையாகும்.