காமிராவும் காத்திருப்பும்!



தேர்வு நெருங்கினால் உங்களில் சிலருக்குச் சோறு இறங்காது. நண்பனோடு சண்டை என்றால் சிலருக்குத் தூக்கம் வராது. மனசு படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் வெளியே போய், ஓர் உயிரைப் பொறுமையாகக் கவனித்துப் பாருங்கள். அதற்குக் காமிரா நல்ல துணை.

இப்படிக் கவனித்தே வாழ்நாளைக் கழித்த ஒருவர் நம் சீமையில் பிறந்தவர்தான். பெயர் மா. கிருஷ்ணன். 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' நாவலை எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 13 வயதிலேயே தந்தையை இழந்தார். 1942இல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே பள்ளி ஆசிரியர், நீதிபதி என்று பல பொறுப்புகள்! பிறகு சென்னைக்குத் திரும்பி, எழுத்தும் படமுமே போதும் என்று இருந்துவிட்டார். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் இயற்கை பற்றி எழுதத் தொடங்கியவர், 1996இல் மறையும் வரை, 46 ஆண்டுகள் எழுதினார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

அவருடைய காமிரா எது தெரியுமா? பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்து அவரே உருவாக்கிக்கொண்டது! எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். காட்டில் நடந்தும், யானை மீது அமர்ந்தும் எடுத்தார். அது பிலிம் காலம். ஒரு படம் வீணானால் காசும் வீண். எனவே, எடுப்பதைவிடப் பார்ப்பதற்கே அதிக நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பில்தான் மனம் அடங்குகிறது.

இயற்கையைப் பார்ப்பது உடம்புக்கும் நல்லது. அமெரிக்காவில் ரோஜர் உல்ரிக் என்பவர், அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் குறிப்புகளை ஆராய்ந்தார். 1984இல் முடிவை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்களாம்!

முத்தையாபுரம் பிள்ளைகளுக்குக் காடு தேடிப் போக வேண்டியதில்லை. லாரிச் சத்தத்தைத் தாண்டினால் உப்பளம். குளிர்காலத்தில் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் பூநாரைகள் வரும். தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை வடிகட்டிச் சாப்பிடும். பாசியிலும் குட்டி இறாலிலும் உள்ள நிறப்பொருள்தான் அவற்றுக்கு இளஞ்சிவப்பு நிறத்தைத் தருகிறது. சிவந்த நெடுங்கால்களோடு நடப்பது பவளக்கால் உள்ளான்.

அப்பாவின் செல்போனே போதும். தூரத்துப் பறவையைப் பெரிதாக்காதீர்கள், படம் மங்கிவிடும். வெள்ளை அம்பாரம், பாத்தி நீரில் தெரியும் வானம், ஈர மண்ணில் பதிந்த கால்தடம் எல்லாமே படம்தான். நண்பகலில் உப்பு கண்ணைக் கூசவைக்கும். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னே இருக்கும்படி நில்லுங்கள்.

சில கட்டுப்பாடுகளும் உண்டு:

* பெரியவர் துணையோடு, உப்பளக்காரரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். பாத்தி அவர்களுடைய பிழைப்பு. அதில் கால் வைக்காதீர்கள்.

* பறவைகளை விரட்டிப் பறக்கவைத்துப் படம் எடுக்காதீர்கள். அவை இரை தேடும் நேரமும் வலிமையும் வீணாகும்.

* பவளக்கால் உள்ளான் தரையில்தான் முட்டையிடும். முட்டை மண் நிறத்தில் இருக்கும். கீழே பார்த்து நடங்கள். கூட்டைக் கண்டால் உடனே விலகிவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பயிற்சி. அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருங்கள். முதல் பத்து நிமிடம் காமிராவைத் தொடவே கூடாது. பிறகு ஐந்தே ஐந்து படங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டில் தேதி, நேரம், பார்த்த பறவை, அது என்ன செய்தது என்று நாலு வரி எழுதுங்கள். தெரியாத பறவையா? 'கால் சிவப்பு, அலகு கறுப்பு' என்று எழுதினாலும் போதும்.

ஐந்து படமும் மங்கலாகப் போனாலும் கவலை வேண்டாம். நீங்கள் அசையாமல் இருந்ததால் பயப்படாமல் இரை தேடிய ஒரு பறவையைப் பார்த்திருப்பீர்கள். அன்று இரவு தூக்கம் தானாக வரும்!